இரவில் கழன்றுவிடும் காண்டம் கதீட்டர்: பிளாஸ்டர் சுற்றலாமா?

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு (வயது 74) காண்டம் கதீட்டர் (ஆணுறுப்பின் மேல் பசையால் ஒட்டும் உறை, சிறுநீரைக் குழாய் வழியே பையில் சேர்க்கும்) போடுகிறோம். பகலில் நிற்கிறது, விடிவதற்குள் கழன்று மெத்தை நனைந்துவிடுகிறது. மேலே பிளாஸ்டர் இறுக்கிச் சுற்றலாமா? (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: வேண்டவே வேண்டாம். பிளாஸ்டர் விரிந்து கொடுக்காது. உறுப்பு லேசாக வீங்கினாலும் இரத்த ஓட்டம் தடைப்படும். உணர்ச்சி மங்கியவருக்கு வலியும் தெரியாது. காலையில் நீங்கள் பார்க்கும்போது உறுப்பு நீலம் பாரித்திருக்கலாம்.

பகலில் நின்று இரவில் மட்டும் கழல்கிறது என்றால் முதலில் குழாயைப் பாருங்கள். தொடைக்கு அடியில் சிக்கியோ மடங்கியோ இருந்தால் சிறுநீர் போக வழியின்றி உறைக்குள் தேங்கி, பசையைப் பிரித்துக்கொண்டு வெளியே வரும். குழாயைத் தொடையின் மேல் கொண்டுவந்து, புரட்டிப் படுக்கவைத்தாலும் இழுக்காதபடி கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இரவுக்கு 2 லிட்டர் பை போதும். கட்டில் சட்டத்தில், உடலுக்குள் இருக்கும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். பாதிக்கு மேல் நிறைந்தால் காலி செய்துவிடுங்கள், கனமான பையும் உறையை இழுக்கும்.

குழாய் சரியாக இருந்தும் கழன்றால், உறையின் அளவைப் பாருங்கள். 25, 29, 32, 36 மில்லிமீட்டர் என்று வரும். கண் மதிப்பில் வாங்காதீர்கள். அந்தந்தப் பிராண்டின் அளவு அட்டையைக் கேட்டு வாங்கி, உறுப்பு தளர்ந்திருக்கும்போது தடிமனான இடத்தில் அளக்க வேண்டும். பெரிதாக இருந்தால் சுருக்கம் விழுந்து அதன் வழியே கசியும். சிறிதாக இருந்தால் தோல் புண்ணாகும். வயதானவர்களுக்கு உறுப்பு உள்வாங்கி இருப்பது சகஜம். அவர்களுக்கென்றே நீளம் குறைந்த உறை உண்டு.

அடுத்தது தோல். நம் ஊர்ப் புழுக்கத்தில் துடைத்த கையோடு மாட்டினால் பசை பிடிக்காது. மிதமான சோப்பில் கழுவி, துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். பவுடர், தேங்காய் எண்ணெய், கிரீம், ஈரத்திசு எதுவும் வேண்டாம். குளித்ததும் பவுடர் பூசிப் பழகிய வீடுகளில் இதுதான் கைமறதியாக நடக்கும். முடியைக் கத்தரியால் குட்டையாக வெட்டலாம், சவரம் செய்தால் வெட்டுக்காயத்தில் கிருமி புகும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியிருந்தால் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். விட்டால் அது வீங்கி நுனியை நெரிக்கும், அவசர சிகிச்சை தேவைப்படும்.

உறையை உருட்டி ஏற்றும்போது நுனிக்கும் குழாய் வாய்க்கும் இடையே 1 முதல் 2 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒட்டினால் நுனி உரசிப் புண்ணாகும், அதிகமானால் உறை முறுக்கிக்கொள்ளும். ஏற்றியதும் உள்ளங்கையால் 15 வினாடி மென்மையாகப் பொத்திப் பிடியுங்கள். கைச்சூட்டில் பசை பிடிக்கும். அரை மணி நேரம் கழித்து வீக்கம், நிறமாற்றம் உண்டா என்று பாருங்கள். அப்பாவைப் புரட்டிவிடும் ஒவ்வொரு முறையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிவைத்து, பசை இளகியதும் உருட்டிக் கழற்றுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். தோல் உரிந்திருந்தால் ஆறும்வரை பேம்பர்ஸ் போதும். சிவந்து அரித்தால் லேடெக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமையாக இருக்கலாம், சிலிக்கான் உறைக்கு மாறிப் பாருங்கள்.

இந்த உறை வெளியே வரும் சிறுநீரை ஏந்துமே தவிர, உள்ளே அடைத்துக்கொண்டதை வெளியேற்றாது. ஆறு மணி நேரமாகப் பையில் எதுவும் இறங்காமல், ஈரமும் தெரியாமல், அடிவயிறு கல்லாக இருந்தால் மருத்துவமனை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், திடீர்க் குழப்பம் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.