மிஞ்சியது எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் 12 அங்குலத் தொலைநோக்கி (ஒளி வாங்கும் கண்ணாடியின் விட்டம் அது) ஒன்று வாங்கவிருந்தேன். பணம் கட்ட வேண்டிய நாளில் பஞ்சத்தில் வாடும் குழந்தைகளின் படம் கண்ணில் பட்டது. கை நின்றுவிட்டது. “தொலைநோக்கி செய்பவர்களும் பிழைக்க வேண்டாமா?” என்கிறார் நண்பர். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. இத்தனை பேர் பட்டினி கிடக்கும் உலகில் சனியின் வளையத்தைப் பார்க்க இவ்வளவு செலவழிப்பது சரியா?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நண்பரின் சமாதானத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்தப் பணத்தை யாருக்குக் கொடுத்தாலும் அதுவும் எங்கோ ஒருவருக்குக் கூலியாகத்தான் போய்ச் சேரும். தொலைநோக்கிக்கென்று தனிப் புண்ணியம் ஏதுமில்லை.

உங்கள் கையை நிறுத்திய கேள்வியைத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972இல் வெளியான ஒரு கட்டுரையில் கேட்டுவிட்டார். கிழக்கு வங்க அகதிகளின் துயரம் அவர் கண்முன் இருந்த நேரம் அது. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உடை சேறாகும். உடையைப் பார்த்துக்கொண்டு யார் நிற்பார்கள்? தொலைவில் இருப்பதாலேயே ஒரு குழந்தையின் உயிர் மலிவாகிவிடுமா என்கிறார். இதற்கு மறுப்புத் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. ஆனால் அவர் இரண்டு அளவுகள் வைக்கிறார். இதற்குமேல் கொடுத்தால் பெறுபவரின் நிலைக்கே நாமும் வந்துவிடுவோம் என்ற எல்லைவரை கொடுப்பது ஒன்று. அறத்தின்படி முக்கியமான எதையும் இழக்காமல் முடிந்தவரை கொடுப்பது மற்றொன்று. முன்னது துறவிகளுக்கு, என்னால் ஆகாது. பின்னதிலேயே உங்கள் 12 அங்குலம் தப்புமா என்பது சந்தேகம். என் பேனாக்கள் நிச்சயம் தப்பாது.

என் மேசை இழுப்பறையில் 11 ஊற்றுப் பேனாக்கள் இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நான்கில் மை காய்ந்து நிப்போடு இறுகிப்போயிருந்தது. தம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தேன். நீலம் நூல் நூலாகப் பிரிந்து இறங்கியது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றியும் ஒன்று மட்டும் தெளியவில்லை. நான் எழுதுவது ஒரே ஒரு பேனாவில். மற்ற பத்தையும் வாங்கும் ஆசைக்காகவே வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மிஞ்சியதா என்று பார்ப்பதை மாதக் கடைசிக்குத் தள்ளுகிறோம். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை; பதினோராவது பேனா மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. உலக வங்கி 2025இல் கடும் வறுமைக்கோட்டை நாளொன்றுக்கு 3 டாலராக உயர்த்தியது. அதற்குக் கீழே வாழ்பவர்கள் சுமார் 80 கோடிப் பேர். ‘அங்கே விலைவாசி குறைவு’ என்று நாம் தப்பிக்கவும் வழியில்லை. நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டிய பிறகுதான் அந்த 3 டாலர். மலேரியாக் கொசுவைத் தடுக்கும் மருந்திட்ட வலை ஒன்றின் விலையோ சில டாலர்கள்தான்.

ஆகவே பணம் வந்த அன்றே கொடுக்க வேண்டியதை எடுத்து அனுப்பிவிடுகிறேன். வருமானத்தில் 10 விழுக்காடு தருவதாக உறுதியெடுக்கும் இயக்கம் ஒன்றைத் தத்துவ அறிஞர் டோபி ஆர்ட் 2009இல் தொடங்கினார். பத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. நான் மூன்றில் தொடங்கியவன், இன்னும் பத்தைத் தொடவில்லை. அதைக் கொடுத்தபின் மீதியில் நீங்கள் எதை வாங்கினாலும் நான் கேட்கமாட்டேன். சிங்கர் கேட்பார். (பொழுதுபோக்கு என்றதும் கணக்குக் கேட்பவர்கள், தேவைக்கு இருமடங்கு பெரிய வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.)

இனி உங்கள் தொலைநோக்கி. 8 அங்குலத்தைவிட 12 அங்குலம் இரண்டேகால் மடங்கு ஒளி வாங்கும், உண்மைதான். ஆனால் தனியாளாகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக முடியாத கருவி, என் பேனாக்களைப்போல மூலையில் கிடக்கும். காற்று அமைதியாக இருக்கும் இரவில், வளையம் போதிய அளவு விரிந்திருந்தால், வளையங்களுக்கு நடுவே கறுப்புக் கோடாகத் தெரியும் காசினி இடைவெளியை 8 அங்குலத்திலேயே பார்க்கலாம். விலை வித்தியாசத்துக்கு எத்தனை கொசுவலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச்சில் சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி, ஏறத்தாழ மறைந்தே போயின. முழுதாக விரிய 2032 ஆகும். அவசரம் ஒன்றுமில்லை.