எல்லாக் கணக்கையும் ஒரே ஆப்பில் பார்க்க எது நல்லது?

கேள்வி மார்த்தாண்டத்திலிருந்து வந்திருக்கிறது. மூன்று வங்கிக் கணக்கு, ஒரு ஏலச்சீட்டு, நகைக்கடன், வளைகுடாவில் இருக்கும் தம்பி அனுப்பும் பணம். இவ்வளவையும் ஒரே ஆப்பில் பார்க்க முடியுமா, அந்த ஆப் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கலாமா என்று கேட்கிறார். நானும் அதே கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன். எங்கள் வீட்டுக் கணக்கும் ஏறக்குறைய இதே கலவைதான்.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கேட்கிற ஆப்பை அப்போதே தூக்கிவிடுங்கள். இந்தியாவில் அதற்குத் தேவையே இல்லை. அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்று ரிசர்வ் வங்கி 2016-ல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் வங்கிகளோடு நடைமுறைக்கு வந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஃபின்வூ, ஒன்மணி, அனுமதி எல்லாம் அந்த உரிமம் பெற்ற நிறுவனங்கள். வங்கியில் பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். எந்தக் கணக்கை, எதற்காக, எவ்வளவு காலம் பார்க்கலாம் என்று நீங்கள் சம்மதம் கொடுப்பீர்கள். பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தகவல் பூட்டிய நிலையிலேயே கைமாறுகிறது. நடுவில் இருக்கும் அந்த நிறுவனம் அதைத் திறந்து பார்க்க முடியாது. வங்கி இருப்பு, மியூச்சுவல் ஃபண்ட், பங்கு எல்லாம் ஒரே திரையில் வேண்டும் என்றால் இந்த வழியில் இயங்கும் ஆப் ஒன்று போதும்.

ஆனால் உங்கள் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். அதில் பாதி வங்கிக்கு வெளியே இருக்கிறது. தெரிந்தவர் நடத்தும் சீட்டை எந்த ஆப்பும் தானாக எடுக்காது. அடகுக்கடையில் வைத்த வளையலும் அப்படித்தான். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர் என்றால் ஒட்டுப்பால் (சிரட்டையிலும் மரத்திலும் உறைந்த ரப்பர் பால்) விற்ற காசு நேராகச் சட்டைப் பையில் விழும். ஆகவே நம் மாவட்டத்துக் குடும்பத்துக்கு, கையால் எழுதிக்கொள்கிற ஆப்தான் சரிப்படும் என்பது என் முடிவு. தானாக எடுக்கும் ஆப்பை மாதம் ஒருமுறை இருப்பைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

குறுஞ்செய்தியைப் படித்துச் செலவைக் கணக்கிடும் ஆப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐபோனில் அவற்றால் குறுஞ்செய்தியைப் படிக்கவே முடியாது. ஆண்ட்ராய்டிலும் இப்போது ஓட்டை விழுகிறது. 100 ரூபாய்க்குக் குறைந்த யுபிஐ செலவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூனில் நிறுத்தியது. டீ, பஸ், சாளை மீன் எல்லாம் அந்த நூறுக்குள்தானே போகிறது? இன்னொரு சங்கதியும் உண்டு. செலவுக் கணக்குக்காகப் பலர் வைத்திருந்த வால்நட் ஆப்பை 2018-ல் கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. அது பிறகு ஆக்ஸியோ ஆனது. இலவசமாகக் கணக்கு எழுதித் தருகிற ஆப் எதில் காசு பார்க்கிறது என்று யோசித்துவிட்டுப் போடுங்கள். கடன் தரும் ஆப்புக்கு உங்கள் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலைத் தொட அனுமதி இல்லை என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் அதையும் தூக்கிவிடலாம்.

நான் வைத்திருப்பது மணி மேனேஜர் என்ற கையால் எழுதும் ஆப். விளம்பரம் வரும், அழகும் குறைவு. பிடித்த காரணம், பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதாக எழுதலாம். இந்த வசதி இல்லாத ஆப்பில் சீட்டை ஒழுங்காக எழுதவே முடியாது. மற்ற ஆப் எதைப் பார்த்தாலும் இதை முதலில் சோதியுங்கள்.

சீட்டைப் பலர் மாதச் செலவு என்று எழுதுகிறார்கள். அது தப்பு. ‘சீட்டு’ என்று தனிக் கணக்கு திறந்து, கட்டும் பணத்தை வங்கியிலிருந்து அதற்கு மாற்றியதாக எழுத வேண்டும். 20 பேர், ஒரு லட்சம், மாதம் 5,000 என்று வைப்போம். ஏலத்தில் சீட்டை எடுப்பவர் 20,000-ஐத் தள்ளுபடியாக விட்டு 80,000 வாங்குகிறார், அந்த 20,000-ல் ஆளுக்கு 1,000 கழிகிறது, நீங்கள் கட்டுவது 4,000. சீட்டு நடத்துபவரின் கமிஷனை இப்போதைக்கு விடுங்கள். ஆறு மாதம் கட்டியதும் சீட்டுக் கணக்கில் 24,000 இருப்பு காட்டும். அது உங்கள் சேமிப்பு. ஆறாம் மாதமே நீங்கள் எடுத்து 80,000 வாங்கினால், கணக்கு மைனஸ் 56,000 ஆகும். அந்த நிமிஷத்திலிருந்து அது கடன். மகள் கல்யாணத்துக்குச் சீட்டு எடுத்தோம் என்று சந்தோஷமாகப் பேசும் வீடுகளில் இந்த மைனஸ் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசி மாதங்களில் தள்ளுபடி குறையும், கட்டுவது 5,000-ஐ நெருங்கும். 20 மாதமும் முடிந்தபின் சீட்டுக் கணக்கில் ஏதாவது மீதம் நின்றால், அதுதான் நீங்கள் கொடுத்த வட்டி. அப்புறம் கமிஷன். பதிவு பெற்ற சீட்டு என்றால் அதற்கு 7 சதவீதம் உச்சவரம்பு, 2019 திருத்தத்துக்கு முன் 5.

நகைக்கடனையும் மைனஸ் கணக்காகவே திறங்கள். கணக்கின் பெயரிலேயே முடியும் தேதியையும் எழுதுங்கள். வங்கிக் கடன்கள் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் வருடம் ஒருமுறை முழு அறிக்கை இலவசமாக வாங்கலாம்.

தம்பி பணத்துக்கு வருவோம். அவருடைய என்ஆர்ஈ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) உங்கள் ஆப்போடு இணைக்காதீர்கள். சம்மதம் கொடுக்க வேண்டியவர் கணக்குக்காரர், அவர் போனுக்கு வரும் ஓடிபியை வாங்கி நீங்கள் போடுவது நாளைக்குப் பேச்சுக்கு இடம் கொடுக்கும். வீடு கட்டவோ கடன் அடைக்கவோ அவர் அனுப்பியது உங்கள் கையில் இருந்தால், ‘தம்பி பணம்’ என்று தனிக் கணக்கு திறந்து, மொத்தத்தில் சேராதபடி வையுங்கள். மணி மேனேஜரில் அதற்கு வசதி இருக்கிறது. இல்லையென்றால் மொத்தத்தைப் பார்த்து நாமே பணக்காரர் என்று நினைத்துக்கொள்வோம்!

மாத பட்ஜெட் வசதியை ரப்பர் வைத்திருப்பவர்கள் அணைத்துவிடலாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பால்வெட்டு நிற்கும், இலை உதிரும் காலத்திலும் நிற்கும். ஆப் அந்த மாதங்களில் சிவப்பாகக் காட்டிப் பயமுறுத்தும். வருஷ மொத்தத்தை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, எந்த ஆப் என்றாலும் எக்ஸல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பெரிய பெயர் எடுத்த மின்ட் ஆப்பையே 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். நான் மாதக் கடைசியில் கோப்பை எடுத்து எனக்கும் மனைவிக்கும் மெயிலில் போட்டுவிடுவேன். சீட்டுத் தேதியும் நகைக்கடன் தேதியும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே.