கேள்வி-பதில்: காரைக்குடிச் சாமானில் மணிலா ஐஸ்

கே: மகன் மணிலாவில் வேலை பார்க்கிறான், கோடையில் அங்கே போகிறோம். இனிப்புப் பயறு, பழம், பால் எல்லாம் சீவிய ஐஸோடு கலந்து தருகிற ஹாலோ ஹாலோ என்ற பிலிப்பைன்ஸ் இனிப்பு, சந்தைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்கிறான். நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. எதை வாங்கலாம்?
– வாசகி, பள்ளத்தூர்

ப: ஆச்சி, ஹாலோ ஹாலோவின் உச்சியில் வைக்கும் மஞ்சள் துண்டுக்கு லெச்சே ஃபிளான் என்று பெயர். முட்டை மஞ்சள்கரு, பால், சர்க்கரை சேர்த்து அவித்தது. அதை வைக்க வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட மலிவாக இரண்டு உண்டு. மாயிஸ் கோன் யேலோவில் இனிப்புச் சோளம், சீவிய ஐஸ், பால், சர்க்கரை. சபா கோன் யேலோவில் சோளத்துக்குப் பதில் பாகில் வெந்த வாழைப்பழம். இரண்டிலும் வழக்கமாக முட்டை கிடையாது. மேலே ஐஸ்கிரீம் உருண்டை கேட்டால் விலை ஏறும், ருசி ஏறாது. கண்முன்னே ஐஸ் சீவித் தருகிற கடையாகப் பாருங்கள்.

கே: ஹாலோ ஹாலோவை வீட்டில் செய்து பார்த்தேன். பயறு கல்லாக இருந்தது, பழம் கூழாகிவிட்டது, ஐஸ் போட்டதும் இனிப்பே தெரியவில்லை. நம் ஊர்ச் சாமானில் சரியாகச் செய்வது எப்படி?
– வாசகி, தேவகோட்டை

ப: முதல் இரண்டுக்கும் காரணம் சர்க்கரை போட்ட நேரம்தான். சர்க்கரை இருந்தால் பயறும் பழமும் மெதுவாகத்தான் இளகும். அதனால் பயறுக்குக் கடைசியில், பழத்துக்கு முதலில்.

சிவப்புத் தட்டப்பயறு 100 கிராமை இரவே ஊறவைத்து, வெறும் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். நசுக்கினால் மசிய வேண்டும்; மசியாவிட்டால் இன்னொரு விசில். அதன் பிறகே 100 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம். வெல்லத்தைத் தொடக்கத்திலேயே போட்டால் எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

அவர்களுடைய சபா, சமைக்கிற வாழை இனம். இங்கே அதற்குக் கிட்டத்தில் நிற்பது மொந்தன். தோல் மஞ்சளித்து, அழுத்தினால் குழையாத பதத்தில் நான்கு பழம். 200 கிராம் நாட்டுச்சர்க்கரை, இரண்டு டம்ளர் தண்ணீர். பாகு கொதித்ததும் வில்லைகளைப் போட்டு, மூடாமல் 15 நிமிடம். பூவன் கரைந்துவிடும், நேந்திரம் பரவாயில்லை.

ஜவ்வரிசியைக் கொதிக்கும் தண்ணீரில்தான் போட வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டால் கஞ்சியாகிவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கும்போதே அணைத்து, பத்து நிமிடம் மூடிவைத்து, அலசிப் பாகில் போடுங்கள். அன்றே தீர்த்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் இருந்தால் விறைத்துப்போகும். கடல்பாசி, லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம்; ஊறவைத்துக் காய்ச்சி, இழை முழுக்கக் கரைந்த பிறகே வடிகட்டுங்கள். அவர்கள் போடும் ஒருவகைப் பனைக்காய்க்குப் பதில் நுங்கு. வழவழப்பான தேங்காய்க்குப் பதில் இளநீர் வழுக்கை. ஊதாக் களி வேண்டுமானால் ராசவள்ளிக்கிழங்கு அரை கிலோவை அவித்து மசித்து, 200 கிராம் சர்க்கரை, ஒரு டம்ளர் தேங்காய்ப்பால், ஒரு கரண்டி நெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறுங்கள். கிழங்கு கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். சாயம் கலந்து சமாளிக்க வேண்டாம்.

இத்தனையையும் ஒரே டம்ளரில் திணிக்காதீர்கள். நான்கு போதும். பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணத்துப் பக்கத்தில் வாழைப்பழம், தேங்காய், லெச்சே ஃபிளான் என்று மூன்றோடு நிறுத்துகிற கடையே பேர்பெற்றது.

இனிப்பு தெரியாததற்குக் காரணம் குளிர்ச்சி, நாக்கு மரத்துவிடும். ஆகவே தனியாகத் தின்றால் திகட்டும் அளவுக்குப் பாகு இருக்கட்டும். எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி அடியில், மேலே குவித்து ஐஸ், அதன்மேல் கால் டம்ளர் பால். பால் என்றால் சர்க்கரை சேர்க்காமல் லிட்டரை அரை லிட்டருக்கும் கீழே சுண்டக் காய்ச்சி, ஆறவைத்தது. மில்க்மெய்ட் ஐஸில் பட்டதும் இறுகி, கீழே இறங்காமல் நின்றுவிடும். அவலை வறுத்து, கொடுக்கும் நொடியில் தூவுங்கள்.

கே: மிக்ஸியில் அடித்தால் ஐஸ் தண்ணீராகிறது. பார் ஐஸ் வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

ப: மீனுக்குப் போடும் பார் ஐஸ் வேண்டவே வேண்டாம், அது குடிக்கிற தண்ணீரில் உறைந்ததுதானா என்பதற்கு உத்தரவாதமில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரை எவர்சில்வர் டப்பாவில் உறையவையுங்கள். கையால் சுற்றும் ஐஸ் சீவும் மெஷின் இருந்தால், கட்டியை எடுத்தவுடன் சீவாமல் மேற்பரப்பில் ஈரம் மினுக்கும்வரை ஐந்து பத்து நிமிடம் வெளியே வையுங்கள். கடுங்குளிரில் கட்டி நொறுங்கும். இளகினால்தான் ஏடு ஏடாக வரும். மிக்ஸிதான் என்றால் ஜாரையும் ஃப்ரீசரில் வைத்து, ஒரு பிடி ஐஸ் மட்டும் போட்டு, விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று. தொடர்ந்து ஓடவிட்டால் கத்தியின் சூட்டில் உருகும்.

கே: மலேசியாவில் பினாங்குப் பக்கம் சீவிய ஐஸில் செய்கிற ஐஸ் கச்சாங்கும் இந்த ஹாலோ ஹாலோவும் ஒன்றுதானே?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: பங்காளிகள். மணிலாவில் அமெரிக்கர்கள் 1902-இல் ஐஸ் ஆலை கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே குடியேறியிருந்த ஜப்பானியர்கள் இனிப்புப் பயறோடு ஐஸ் விற்றதிலிருந்து ஹாலோ ஹாலோ வளர்ந்தது. கச்சாங்கில் ஐஸின் மேல் கலர் சிரப் ஊற்றுவார்கள். ஹாலோ ஹாலோவில் இனிப்பு பெரும்பாலும் அடியில் கிடக்கிற பண்டங்களிலிருந்தே வர வேண்டும், அதனால் நீளமான கரண்டியால் அடியிலிருந்து கிளறித்தான் சாப்பிட வேண்டும்.