பைத்தானுக்கு ஏபிசி கொடுத்த சீதனம்: கேள்வி பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: பைத்தான் கணினி மொழியில் வரிகளை உள்ளே தள்ளி எழுதச் சொல்கிறார்களே, அது யார் யோசனை சார்?

ஏபிசி என்ற பழைய கணினி மொழியிலிருந்து வந்தது அம்மா. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கு பேசிக் என்ற கணினி மொழியை விட நல்ல மொழி வேண்டும் என்று உருவாக்கினார்கள். பைத்தானை எழுதிய கைடோ வான் ரோசம் 1980களில் அந்தக் குழுவில் இருந்தவர். ஆனால் ஏபிசிக்கும் முன்பே, 1966லேயே, பீட்டர் லாண்டின் என்ற கணினி அறிஞர் இந்த யோசனையை எழுதிவிட்டார்.

அதே மாணவி: அப்புறம் நிபந்தனை சொல்லும் இஃப் வரி முடிவில் கோலன் (:) எதற்கு? மறந்தால் உடனே எரர் வருகிறது.

அது நம் கண்ணுக்காக வைத்தது. 1978ல் போலந்தில், ஏபிசியின் முன்வடிவத்தில் நிரலை எந்த முறையில் எழுதுவது சரி என்று நான்கு அறிஞர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவு வரவில்லை. அவர்களில் ராபர்ட் டீவரின் மனைவியை அழைத்துக் காட்டினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஃபார் வரி அந்த ஒரு வரிக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் வரிகளுக்கும் சேர்த்தா என்று அவர் கேட்டார். ஒரு கோலன் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்று அப்போதுதான் உறைத்தது!

ஐடி ஊழியர்: ஏபிசி இவ்வளவு நல்ல மொழி என்றால் ஏன் பரவவில்லை?

கதவைச் சாத்திக்கொண்ட மொழி. வெளியாள் ஒரு வசதியைச் சேர்ப்பது பெரும்பாடு, கோப்புகளைக் கையாள்வதும் அப்படியே. 1989 டிசம்பரில் பைத்தானைத் தொடங்கியபோது கைடோ முதலில் திறந்தது அந்தக் கதவைத்தான். என்னைக் கேட்டால், ஏபிசியின் நல்ல குணங்களை விட அதன் குறைகள்தான் பைத்தானுக்குப் பெரிய சீதனம்.

கல்லூரி ஆசிரியர்: பழைய பைத்தானில் 1/2 போட்டால் 0 வருமே, அதுவும் சீதனமா?

இல்லை, அது சி மொழியிலிருந்து வந்த பழக்கம். ஏபிசி 1/2ஐ துல்லியமான பின்னமாகவே வைத்துக்கொள்ளும். கேட்க அழகுதான். ஆனால் வருமான வரிக் கணக்கு போன்ற ஒன்றை ஏபிசியில் போட்டால், எதிர்பார்த்ததை விட மிக மெதுவாகத்தான் ஓடும். பார்த்தால், கடைசியில் காசு அளவுக்குச் சுருக்கப்போகும் தொகைக்காக உள்ளே ஆயிரக்கணக்கான இலக்கங்களைச் சுமந்துகொண்டிருக்கும். சூடு கண்ட பூனை போல, கைடோ பைத்தானைத் தொடங்கியபோது பின்னங்களைத் தொடவில்லை. 1/2க்கு 0.5 என்ற விடை 2008ல், பைத்தான் 3ல்தான் இயல்பானது.