எம்பால்மே வரிசையில் நின்றவர்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பூர்விகம் மெக்சிகோவில் மிச்சோவாகான். பேத்தி பிறந்த சமயம் போய்ச் சில மாதங்கள் இருந்தேன். மாப்பிள்ளையின் தாத்தாவோடு பழக அப்போது வாய்த்தது. தொண்ணூறை நெருங்குகிறார், நினைவு தெளிவாக இருக்கிறது.

1957-ல் எம்பால்மே என்ற ஊரில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து, ஒப்பந்தக் கூலியாக எல்லை தாண்டி, சாலினாஸ் பக்கம் லெட்டூஸ் வயல்களில் வேலை செய்தாராம். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போவது, மறுபடி வருவது என்று சில வருடங்கள். அப்புறம் மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கையில் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ‘உங்களை எடுக்க மாட்டார்கள்’ என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை.

‘அது சட்டப்படி நடந்த அடிமை முறை, தாத்தாவுக்கு அது புரியவில்லை’ என்கிறார் மாப்பிள்ளை. தாத்தாவோ அந்த நாட்களைப் பெருமையாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி? இது நம் கங்காணி முறை மாதிரியா? இன்னொன்று: தாத்தாவின் அப்பா யுத்த காலத்தில் ரயில் பாதை வேலைக்கு வந்து போனவர். அவர் சம்பளத்தில் பிடித்த பணம் கடைசிவரை வரவில்லை என்ற குறை அந்த வீட்டில் இன்றும் இருக்கிறது. அது என்ன பணம்? பேத்திக்காக இதையெல்லாம் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

ஆர்., பொள்ளாச்சி

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உள்ளங்கையிலிருந்தே தொடங்குகிறேன். ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும் மையங்களில் கையை நீட்டச் சொல்வார்கள். காய்ப்புக் காய்த்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கை மெத்தென்று இருந்தால் வயல் வேலைக்கு ஆகாத நகரத்து ஆள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் தன் கையைப் பிடித்துப் பார்த்தவரின் இடத்தில் நின்றுதான் உங்கள் கையை அவர் பார்த்திருக்கிறார். அறுபது எழுபது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கட்டைவிரலின் அழுத்தம் அவருக்கு நினைவிருக்கிறது. அவருக்கு எதுவும் புரியவில்லை என்று மாப்பிள்ளை சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

தாத்தா வந்தது பிராசெரோ திட்டத்தில். அதில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த மெக்சிகோக்காரர்களையும் பிராசெரோக்கள் என்றே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இளைஞர்கள் பட்டாளத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, வயல்களில் ஆள் இல்லை. 1942 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அமெரிக்க, மெக்சிகோ அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் போட்டன. போர்க்கால ஏற்பாடு என்று தொடங்கியது போர் முடிந்தும் நிற்கவில்லை. கொரியப் போரின்போது, 1951-ல், தனிச் சட்டம் போட்டு நீட்டித்தார்கள். 1964 டிசம்பர் 31-ல்தான் முடிந்தது. மொத்தம் ஏறக்குறைய 46 லட்சம் ஒப்பந்தங்கள். தாத்தாவைப் போல ஒரே ஆள் பலமுறை வந்ததும் சேர்த்த கணக்கு இது. அவர் வந்த 1957-ல் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல்.

எம்பால்மே என்பது மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், குவாய்மாஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ரயில்வே ஊர். அந்த வெயிலில், கையில் காசில்லாமல், தெருவிலும் தண்டவாளத்து ஓரத்திலும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கூப்பிடுவார்களா என்று காத்துக் கிடந்தார்கள். பட்டியலில் பெயர் ஏற ஊரிலேயே லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. சொனோராவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அங்குள்ள பருத்தி வயல்களில் இத்தனை எடை என்று பறித்துக் கொடுத்து, அதற்கு ஒரு கடிதம் வாங்கி வந்தால்தான் வரிசையில் இடம். எல்லை தாண்டும் முன்பே சொந்த நாட்டுப் பண்ணையாருக்கு ஒரு கூலி வேலை.

எம்பால்மேயில் தேறியவர்களை ரயிலில் மெக்சிகாலிவரை கொண்டுபோய், எல்லைக்கு அந்தப் பக்கம் எல் சென்ட்ரோ மையத்தில் இறக்குவார்கள். அங்கே துணியைக் களையச் சொல்லி, வரிசையாக நிறுத்தி, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லித் தூளை மேலே அடிப்பார்கள். 1956-ல் டெக்சாஸ் மாநிலத்தின் இடால்கோ மையத்தில் லெனார்ட் நாடெல் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் இருக்கிறது. முகமூடி போட்ட ஒருவர் தெளிப்பானை நேராக ஒரு மனிதரின் முகத்துக்கு நீட்டுகிறார். பின்னால் வரிசையில் அடுத்தவர்கள் தங்கள் முறைக்காக நிற்கிறார்கள். நாடெலின் படங்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாப்பிள்ளை பார்த்திருக்கக்கூடும். தாத்தாவிடம் இதை நீங்களாகக் கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். பலர் தங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிமை முறையா என்ற கேள்விக்கு வருகிறேன். மாப்பிள்ளை இல்லாததைச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த லீ வில்லியம்ஸே இதைச் சட்டபூர்வமான அடிமைத்தனம் என்றுதான் சொன்னார். ஆனாலும் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். அடிமையாக விற்கப்பட்டவர் லஞ்சம் கொடுத்து வரிசையில் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து கையில் காசோடு ஊர் திரும்பி, மறு வருடம் தானாக வரவும் இல்லை. தாத்தா தன் விருப்பத்தோடு வந்தவர். அந்த விருப்பம் எவ்வளவு இறுகிய இடத்தில் பிறந்தது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

மிச்சோவாகான், ஹலிஸ்கோ, குவானாஹுவாத்தோ போன்ற மாநிலங்களில் புரட்சிக்குப் பிறகு ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். நிலம் வந்தது, பல இடங்களில் தண்ணீரும் கடனும் வரவில்லை. மானாவாரியில் மக்காச்சோளம் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடும்பம் பெருகப் பெருக நிலம் துண்டாகும். அந்த நிலைமையில், மணிக்கு 50 சென்ட் கூலி என்று வானொலியிலும் வாய்வழியாகவும் செய்தி வந்தால் இளைஞர் கிளம்பாமல் என்ன செய்வார்?

ஒப்பந்தத்தைக் காகிதத்தில் படித்தால் நன்றாகவே இருக்கும். இலவசத் தங்குமிடம், போக்குவரத்து, அந்தப் பகுதியில் நிலவும் கூலி, ஒப்பந்தக் காலத்தில் முக்கால் பங்கு நாட்களுக்காவது வேலை என்ற உத்தரவாதம் எல்லாம் எழுதியிருக்கும். நடைமுறையில் அந்த ‘நிலவும் கூலி’ எவ்வளவு என்று முடிவு செய்ததில் பண்ணை முதலாளிகளின் கைதான் ஓங்கியிருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர்வரை பிடிக்கலாம். மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் சாப்பிட்டாக வேண்டுமே. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், ஒருவர் எந்தப் பண்ணைக்கு ஒப்பந்தமோ அங்கேதான் வேலை செய்யலாம். பக்கத்துப் பண்ணையில் கூலி அதிகம் என்று போக முடியாது. வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறு வருடம் பெயர் வராது. அடிமை என்ற சொல்லை மாப்பிள்ளைக்குத் தந்தது இந்தக் கட்டுதான்.

கங்காணி முறையோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ஆள் கட்டும் விதத்தில் சாயல் உண்டு. ஆனால் அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போனார்கள். முன்பணக் கடனில் கட்டிப் போட்டார்கள். தோட்டத்துக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், அடுத்த தலைமுறையும் வேண்டும். கலிபோர்னியாவின் முதலாளிக்கு அறுவடைக்கு மட்டும் ஆள் போதும். ஆகவே ஆண்கள் மட்டும். மனைவி, பிள்ளை வரக்கூடாது. பயிர் முடிந்ததும் ஆளும் போய்விட வேண்டும். நமக்குத் தெரிந்ததில் இதற்கு நெருக்கமானது வளைகுடா வேலைதான். முதலாளியின் பெயரில் விசா, முகாமில் படுக்கை, ஊரில் குடும்பம்.

சாலினாஸ் வயல்களில் லெட்டூஸ் நாற்றுகளைக் கலைத்துவிடக் குட்டைக் கைப்பிடி வைத்த மண்வெட்டி ஒன்று கொடுப்பார்கள். எல் கோர்த்தீட்டோ என்று அதற்குப் பெயர். பிடி ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. இடுப்பை ஒடித்துக் குனிந்தால்தான் மண்ணைத் தொடும். அப்படியே சாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, காலையிலிருந்து மாலைவரை. நீளப் பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும் என்றார்கள் முதலாளிகள். யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் தெரியும் என்பதும் ஒரு வசதி. முதுகெலும்பு போன தொழிலாளர்களுக்காக வழக்காடி, 1975-ல்தான் கலிபோர்னியாவில் அதைத் தடை செய்ய வைத்தார்கள். தடைக்குப் பிறகும் லெட்டூஸ் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. தாத்தாவின் நடை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதுகைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள், கதை நிறைய வரும்.

சாலினாஸுக்குச் சற்றுத் தெற்கே சுவாலார் என்ற சிற்றூர். 1963 செப்டம்பர் 17 அன்று மாலை, வயல் வேலை முடிந்து திரும்பிய பிராசெரோக்களின் வண்டி மீது அங்கே ரயில் மோதி 32 பேர் இறந்தார்கள். சரக்கு லாரியில் இரண்டு நீளப் பெஞ்சுகளைப் போட்டு, மேலே கூரை கட்டி, பேருந்து என்று ஓட்டிய வண்டி அது. இறந்தவர்கள் யார் யார் என்று அடையாளம் காணவே சிரமப்பட்டார்கள். திட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற குரலுக்கு இந்த விபத்து வலுச் சேர்த்தது. தாத்தா அப்போது அந்தப் பக்கம் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்த யாரேனும் அதில் இருந்திருக்கலாம்.

இன்னொரு உண்மையையும் பேத்திக்கு எழுதும்போது விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் பலருக்குப் பிராசெரோக்களைப் பிடிக்காது. வேலைநிறுத்தம் செய்தால் அந்த இடத்தில் பிராசெரோக்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூலி உயரவே விடவில்லை. எர்னெஸ்தோ கலார்சா என்ற அறிஞர் முகாம் முகாமாகப் போய்ப் பார்த்து இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதினார். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸும் திட்டத்தை எதிர்த்தார். திட்டம் முடிந்த மறு வருடமே, 1965-ல், டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் தொடங்கி, சாவேஸின் சங்கமும் சேர்ந்துகொண்ட பெரிய வேலைநிறுத்தம் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே சாப்பாடு உள்ளவர்களை ஒருவருக்கு எதிராக ஒருவராக நிறுத்திய ஏற்பாடு அது. தாத்தா மீது இதில் ஒரு குற்றமும் இல்லை. எந்தப் பண்ணையில் இறக்கிவிடப்பட்டோம், அங்கே நேற்று என்ன நடந்தது என்று அவர்களுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது.

இப்போது அந்தப் பணம். 1943 முதல் 1945 வரை ரயில் பாதைகளுக்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை எடுத்தார்கள். யுத்த காலத் தொழிலாளர்கள் எல்லாருடைய சம்பளத்திலும் பத்து சதவீதம் பிடித்து, மெக்சிகோவின் அரசு வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்பியதும் சேமிப்பாகக் கிடைக்கும் என்பது பேச்சு. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்படி ஒரு பிடித்தம் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. 1990-களின் கடைசியில்தான் முதியவர்கள் திரண்டு கேட்கத் தொடங்கினார்கள். 2004-ல் அப்போதைய அதிபர் விசென்தே ஃபாக்ஸின் குடும்பப் பண்ணைக்குள்ளேயே புகுந்து கேட்டார்கள். 2005-ல் மெக்சிகோ ஒரு நிதி அமைத்து ஆளுக்கு 38,000 பெசோ என்றது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு 2008-ல் நீதிமன்றச் சமரசம் மூலம் அதே தொகை. ஒப்பந்தக் காகிதமோ சம்பளச் சீட்டோ காட்ட வேண்டும் என்றார்கள். தபால் துறையில் இருந்த உங்களுக்குத் தெரியும், கூரை வீட்டில் ஒரு காகிதம் அறுபது வருடம் தாங்குமா? அந்தச் சமரசத்தின் காலக்கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டுக் குறை நியாயமானது. இனி அந்த வழியில் பணம் வராது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாத்தாவின் பெருமைக்கு வருகிறேன். அந்தத் திட்டம் எழுதப்பட்ட விதமே, ஆளின் உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்பது. 1954-ல் ஒரு பக்கம் லட்சக்கணக்கில் ஒப்பந்தம் கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் காகிதம் இல்லாத மெக்சிகர்களை வண்டி வண்டியாகப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அப்படிப்பட்ட ஒரு ஏற்பாட்டுக்குள் வந்த ஒருவர், திரும்பிப் போ என்று எழுதியிருந்த காகிதத்தோடு வந்தவர், மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறி, பேரனைப் பல்கலைக்கழகம் அனுப்பி, கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்திருக்கிறார். அவர் பெருமைப்படுவது முகாமைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ இருக்காது. தன்னைப் பற்றித்தான். அது முழுக்க நியாயம். மாப்பிள்ளையின் கோபமும் நியாயமே. தாத்தாவுக்குப் புரியவில்லை என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது.

எழுதி வைக்கப்போகிறீர்கள் என்றால், தாத்தாவோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் ஒப்பந்தத்தில் இருந்த வருடங்களில் ஊரில் நிலத்தையும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொண்டது பாட்டி. பணம் எப்படி வந்தது, கடிதத்துக்குள் வைத்தா, மணியார்டரா, வராத மாதங்களில் கடன் கொடுத்தது யார், கடிதத்தை யார் படித்துச் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பாட்டி இல்லையென்றால் மூத்த மகளைக் கேளுங்கள். எந்த வருடம் கிரீன் கார்டு கிடைத்தது என்பதும் முக்கியம். 1960-களின் தொடக்கத்தில் முதலாளி கொடுத்த கடிதத்தின் பேரில் அது பலருக்குக் கிடைத்தது. 1968-ல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,20,000 என்று வரம்பு வந்தபின் அந்த வாசல் ஒடுங்கிவிட்டது. தாத்தாவின் அண்ணன் தம்பிகள் யாராவது பின்னால் முயன்று முடியாமல் போயிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பழைய பிராசெரோக்களின் பேச்சுகளைப் பதிவு செய்து பிராசெரோ வரலாற்று ஆவணக்காப்பகம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்பானிஷ். மாப்பிள்ளை அவற்றில் நாலைந்தைக் கேட்டுவிட்டுத் தாத்தாவிடம் உட்காரட்டும். கேள்விகள் தானாக வரும். தாத்தாவிடம் பழைய அடையாள அட்டை இருந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். கைபேசிப் பதிவை ஸ்பானிஷிலேயே விட்டுவிடுங்கள், தமிழில் நீங்கள் எழுதுவது தனியாக இருக்கட்டும். அடுத்த பயணம்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளிடம் சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.