மிதி ஏன் இறங்குகிறது?

கேள்வி: என்னிடம் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது. கட்டுக்குருந்தை பந்தயத் திடலில் ஓடியபோது நான்காவது சுற்றில் பிரேக் மிதி அடிவரை இறங்கியது. ஆறியதும் சரியாகிவிட்டது. டர்போவுக்குச் சேர்த்த பணத்தில் பெரிய டிஸ்க் வாங்கவா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. பெரும்பாலும் கொதித்தது பிரேக் எண்ணெய்தான். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நம் கடற்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? புதிய டொட் 4 தர பிரேக் எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரமேறினால் 155க்குக்கூட இறங்கலாம். எண்ணெய் அமுங்காது, ஆவிக்குமிழ் அமுங்கும். மிதி பஞ்சாவது அதனால்தான். போன மாதம் என் கராஜுக்கு வந்த காரொன்றில் பிரேக் எண்ணெயை வடிக்கும் திருகைத் தளர்த்தினேன். போத்தலுக்குள் பிளேன்ரீ நிறத்தில் வடிந்தது!

பழையதை முழுவதும் வெளியேற்றுங்கள். மிதியை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, புதிய எண்ணெய் குமிழின்றி வரும்வரை விடாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அரித்துவிடும். சிலிக்கோன் வகையான டொட் 5ஐக் கலக்கவே கூடாது. பிறகு வெப்பம் தாங்கும் பிரேக் பாட். ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிடுங்கள். நிறுத்தியவுடன் கைபிரேக்கை இழுக்காதீர்கள். டர்போவைப் பற்றி அடுத்த வருடம் எழுதுங்கள்.