பின் பிரேக்: கேட்டவையும் சொன்னதும்

அண்ணே, பழைய ஆல்டோ. நடு நட்டைக் கழற்றியும் பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் அசையவில்லை. சுத்தியலால் ஓங்கி அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி, அது வார்ப்பிரும்பு. விளிம்பில் அடித்தால் விரிசல் விடும். முதலில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினீர்களா? பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இறக்கும் முன்னால் முன் சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நான் தொழில் பழகும்போது ஒருமுறை செங்கல்லை நம்பினேன். அது நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இறக்கியும் வரவில்லையா? டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் பள்ளம் விழுந்து, ஓரத்தில் மட்டும் ஒரு மேடு நிற்கும். ஷூ அதில் மாட்டிக்கொள்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்கவிடுங்கள். டிரம்மின் முகத்தில் மரை போட்ட சின்ன ஓட்டை இரண்டு இருந்தால் இன்னும் சுலபம். அதற்குச் சேரும் போல்ட்டுகளைப் போட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று முறுக்கினால் டிரம் தானாக நகர்ந்து வரும்.

உள்ளே ஒரே கறுப்புத் தூசி. காற்றடித்து ஊதட்டுமா?

கூடவே கூடாது. ஷூ மேல் உரசும் பட்டைதான் லைனிங். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள்.

ஒரு பக்க லைனிங் மட்டும் ஈரம். பெட்ரோலில் கழுவி மாட்டலாமா?

பிரேக் மிதித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் சிலிண்டர் போய்விட்டது. பிரேக் எண்ணெயில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயனில்லை. இரண்டு பக்கமும் ஷூ மாற்ற வேண்டும். பெட்ரோல் பட்டால் சிலிண்டர் ரப்பரும் உப்பிக் கெடும்.

இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன், எந்த ஸ்பிரிங் எங்கே என்று தெரியவில்லை!

அடடா. ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும், பார்த்து மாட்ட மாதிரி வேண்டாமா? இப்போது அதே மாடல் வண்டியின் படத்தைத் தேடிப் பாருங்கள். அட்ஜஸ்டர்களை இடம் மாற்றிவிடாதீர்கள், பல வண்டிகளில் இடது வேறு, வலது வேறு.

லாரியில் பின் பிரேக் ஸ்பிரிங் சேம்பரில் காற்று கசிகிறது. அதைச் சுற்றிப் பூட்டிய கிளாம்பைக் கழற்றட்டுமா?

தொடாதீர்கள். காற்று இறங்கினாலும் அந்தச் சேம்பருக்குள் பிரேக்கைப் பிடிக்கும் கனமான ஸ்பிரிங் சுருள் அமுங்கித்தான் இருக்கும். கிளாம்ப் விட்டால் ஆளையே கொன்றுவிடும். பட்டறைக்குத்தான்.

புது ஷூ போட்டும் ஹேண்ட் பிரேக் மேலே வரை வருகிறதே?

ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது போல. கேபிளை இழுத்துக் கட்டி அதைச் சரிக்கட்டக் கூடாது. கேபிளைத் தளர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, லேசாக ‘சர்’ரென்று உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். அப்புறம்தான் கேபிள்.